சிறுநீரில் போன சர்க்கரை

2015 செப்டம்பர் 17 அன்று ஸ்டாக்ஹோம் நகரில், ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வெளியான ஓர் ஆய்வு முடிவு இதய மருத்துவர்களையும் சிறுநீரக மருத்துவர்களையும் ஒருசேரத் திரும்பிப் பார்க்க வைத்தது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பற்றிய ஆய்வு அது. ஏற்கெனவே இதய, இரத்தநாள நோய் உள்ள 7,020 டைப்-2 சர்க்கரை நோயாளிகள் அதில் பங்கேற்றார்கள். ஆய்வு தொடங்கப்பட்டதன் நோக்கம் மிக எளியது. ரோசிகிளிட்டசோன் என்ற மருந்து மாரடைப்பைக் கூட்டுகிறதோ என்ற ஐயம் 2007-இல் எழுந்தது. அடுத்த ஆண்டு முதல், புதிதாக வரும் ஒவ்வொரு சர்க்கரை மருந்தும் இதயத்துக்குக் கேடு செய்யாது என்பதற்கான சான்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கேட்கத் தொடங்கியது. அந்தச் சான்றுக்காகத்தான் இத்தனை பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள்.

கேடு இல்லை என்று காட்டப் போன இடத்தில் பெரிய நன்மை தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இதய, இரத்தநாளக் காரணங்களால் நேர்ந்த இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் நிலை 35 சதவீதம் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட சதவீதங்கள் எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும் என்பதால் நேர் எண்ணிலும் சொல்லிவிடுகிறேன். வெற்று மாத்திரை பெற்ற நூறு பேரில் ஏறக்குறைய 6 பேர் இதயக் காரணங்களால் இறந்தார்கள். மருந்து பெற்ற நூறு பேரில் 4 பேருக்கும் சற்றுக் குறைவு. சர்க்கரை மருந்துகளின் வரலாற்றில் அதுவரை காணாத வித்தியாசம் இது.

ஆனால் இந்த நன்மை எங்கிருந்து வந்தது என்பது புரியவில்லை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை அந்த மாத்திரை அரைப் புள்ளி அளவில்தான் குறைத்திருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடும்படி குறையவில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதால் இதயத்துக்குக் கிடைக்கும் பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். இங்கோ சில மாதங்களிலேயே வரைபடத்தில் இரு குழுக்களின் கோடுகளும் பிரியத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாத்திரை இலக்காகக் கொண்ட புரதம் இதயத் தசையில் கிடையாது. அது சிறுநீரகத்தில் இருக்கிறது.

இந்த மருந்து வகையைக் கடந்த கால் நூற்றாண்டின் மருந்து நிறுவனச் சாதனையாகச் சொல்வதே வழக்கம். அது உண்மையின் கடைசி அத்தியாயம் மட்டுமே. அதற்கு முன்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல், எந்த நோயையும் தீர்க்கும் எண்ணம் இல்லாமல், ஒரு நாயின், ஒரு தவளையின், ஒரு மீனின் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டவர்களின் உழைப்பு இருக்கிறது. இதயம் பிழைத்தது எப்படி என்று அறிய வேண்டுமானால் அவர்களிடம்தான் போக வேண்டும்.

1835-இல் பெல்ஜியத்து வேதியியலாளர்களான தெ கோனிங்கும் ஸ்டாஸும் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஃப்ளோரிசின் என்று அதற்குப் பெயர். சிங்கோனாப் பட்டையும் வில்லோப் பட்டையும் கசக்கும், காய்ச்சலுக்கும் கேட்கும். அதே கசப்புள்ள இதுவும் மலேரியாவுக்கு உதவக்கூடும் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1886-இல், ஸ்ட்ராஸ்பர்கில் இருந்த யோசெஃப் ஃபான் மேரிங் அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய்களின் சிறுநீரில் சர்க்கரை ஏராளமாக வந்தது. மருந்தை நிறுத்தினால் சர்க்கரையும் நின்றது. வியப்பு என்னவென்றால், அந்த நாய்களின் இரத்தத்தில் சர்க்கரை கூடவே இல்லை. இதே ஃபான் மேரிங்தான் மூன்றாண்டு கழித்து மின்கோவ்ஸ்கியுடன் சேர்ந்து, கணையத்தை அகற்றினால் நாய்க்குச் சர்க்கரை நோய் வரும் என்று காட்டியவர். சிறுநீரில் சர்க்கரை இறங்குவதற்கான இரண்டு வழிகளையும் ஒரே மனிதர் பார்த்திருக்கிறார்: ஒன்றில் இரத்தம் நிரம்பி வழிகிறது, மற்றதில் சிறுநீரகம் கைவிடுகிறது.

சிறுநீரகம்தான் கைவிடுகிறது என்பதை ஐயமற நிறுவியது 1895-இல் நாதன் சுன்ட்ஸ் செய்த சோதனை. அதன் எளிமை என்னை இன்றும் ஈர்க்கிறது. ஒரு பக்கச் சிறுநீரகத் தமனிக்குள் மட்டும் ஃப்ளோரிசினைச் செலுத்தி, இரண்டு சிறுநீர்க்குழாய்களிலிருந்தும் வருவதைத் தனித்தனியே பிடித்தார். மருந்து சென்ற பக்கத்திலிருந்து சர்க்கரை முதலில் வந்தது. கல்லீரலோ கணையமோ காரணமாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு ஃப்ளோரிசின் ஓர் ஆய்வுக் கருவியாகிவிட்டது. நியூயார்க்கில் கிரகாம் லஸ்க், பட்டினி கிடக்கும் நாய்களுக்கு அதைக் கொடுத்து, உடலில் உருவாகும் சர்க்கரை முழுவதும் சிறுநீரில் இறங்கிவிடும்படி செய்தார். வெளியேறும் சர்க்கரையையும் நைட்ரஜனையும் ஒப்பிட்டால், உடல் தன் புரதத்திலிருந்து எவ்வளவு சர்க்கரையை ஆக்கிக்கொள்கிறது என்று கணக்கிடலாம். வளர்சிதை மாற்றம் பற்றிய பாடநூல் அறிவில் கணிசமான பகுதி அந்த மெலிந்த நாய்களிடமிருந்து வந்தது. இன்றைய அறக்குழு எதுவும் அந்தச் சோதனைகளை அப்படியே அனுமதிக்காது. பலனை அனுபவிக்கும் நாம் அந்த விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் சர்க்கரையை எப்படிக் கைவிடுகிறது என்ற கேள்வி மிஞ்சியது. அதற்கு முதலில் அது சிறுநீரை எப்படி உண்டாக்குகிறது என்று தெரிய வேண்டும். அந்த விவாதம் 1842 முதலே நடந்துவந்தது. இரத்தத்தின் நீர்ப்பகுதி அழுத்தத்தால் வடிகட்டப்படுகிறது என்றார் கார்ல் லூட்விக். உயிரணுக்கள்தாம் சிறுநீரைச் சுரக்கின்றன என்றது எதிரணி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலையிலும் குளோமெருலஸ் என்ற நுண்நாள முடிச்சு. அதன் வால் நீண்டு வளைந்த நுண்குழல். இவ்வளவும் நுண்ணோக்கியில் தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போது அதற்குள் ஓடுவது என்ன என்றுதான் யாரும் பார்த்ததில்லை.

பார்க்க உதவியது தவளை. அதன் சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே சில குளோமெருலஸ்கள் இருப்பதால், உயிருள்ள தவளையின் இரத்த ஓட்டத்தை நுண்ணோக்கியில் நேராகக் காண முடியும். 1920-களில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் வேர்ன், ஏ. என். ரிச்சர்ட்ஸ் இருவரும் முடியினும் மெல்லிய முனைகொண்ட கண்ணாடிக் குழாயை அந்த முடிச்சின் உறைக்குள் நுழைத்து, அங்கே சேரும் திரவத்தைச் சிறிது உறிஞ்சி எடுத்தார்கள். 1924-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தத் திரவத்தில் புரதம் இல்லை. சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரிலோ சர்க்கரை இல்லை. எனவே, வடிகட்டலின்போது சர்க்கரை வெளியே வருகிறது. பிறகு நுண்குழலின் வழியில் எங்கோ முழுவதுமாகத் திரும்ப எடுக்கப்படுகிறது. எண்பது ஆண்டு விவாதத்தைத் தவளையின் ஒரு துளித் திரவம் தீர்த்து வைத்தது.

மறுமுனையிலிருந்து ஒரு மீன் சாட்சி சொன்னது. கடல்வாழ் மீன்களில் தேரை மீன் போன்ற சிலவற்றுக்குக் குளோமெருலஸே கிடையாது. கடலில் உடலின் நீரைக் காப்பதே பெரிய பாடு. நீரை வடித்துவிடும் உறுப்பை அவை தம் பரிணாமத்தில் இழந்துவிட்டன. அப்படிப்பட்ட மீன்களை ஆராய்ந்த இ. கே. மார்ஷல், நுண்குழலும் தன்பங்குக்குச் சில பொருள்களைச் சிறுநீருக்குள் தள்ளுகிறது என்று நிறுவினார். இவற்றுக்கு ஃப்ளோரிசின் கொடுத்தாலும் சிறுநீரில் சர்க்கரை வருவதில்லை. வடிகட்டலே இல்லாத இடத்தில் திரும்ப எடுக்கவும் ஒன்றும் இல்லை, தடுக்கவும் ஒன்றும் இல்லை. டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1929-இல் ஒரு கருத்தைச் சொன்னார்: உடலியலின் பல கேள்விகளுக்கு விடை தேட மிக வசதியான ஏதாவது ஒரு விலங்கு இயற்கையில் இருக்கும். சிறுநீரகத்துக்கு அவை தவளையும் தேரை மீனுமாக அமைந்தன.

மனிதர்களிடம் இதை அளந்தவர் நியூயார்க்கின் ஹோமர் ஸ்மித். மீன்களின் சிறுநீரகத்தில் தொடங்கி, நுரையீரல் மீனைத் தேடி ஆப்பிரிக்காவுக்கே போய்வந்தவர். 1933-இல் அவரும் சகாக்களும் மனிதர்களுக்கு ஃப்ளோரிசினை ஊசி வழியாகச் செலுத்தி, சர்க்கரை திரும்ப எடுக்கப்படுவதை ஏறக்குறைய முழுமையாக நிறுத்திக் காட்டினார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று அளக்கும் முறைகளும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் செம்மை பெற்றன. அந்த அளவுகள் இன்றும் பிரமிக்க வைப்பவை. நலமான ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றரை லிட்டர்போல. போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது சாமான் அத்தனையையும் முற்றத்தில் எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே கொண்டுபோவோமே, அதைச் சிறுநீரகம் ஒரே நாளில் பலமுறை செய்கிறது. அப்படி வெளியே போடப்பட்டுத் திரும்ப எடுக்கப்படும் சர்க்கரை மட்டும் நாளுக்கு 160 முதல் 180 கிராம்.

இந்தத் திரும்ப எடுக்கும் வேலைக்கு உப்பு தேவை என்பதுதான் அடுத்த பெரிய அறிவு. 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் அதை முன்வைத்தார். குடலின் உயிரணு சர்க்கரையைத் தனியே இழுப்பதில்லை; சோடியம் தன் இயல்பான சரிவில் உள்ளே பாயும்போது சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டு போகிறது. இந்தக் கருத்தின் பலன் முதலில் வேறோர் இடத்தில் தெரிந்தது. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கரைத்துக் கொடுத்தால் குடல் நீரை உறிஞ்சும் என்பதற்கான விளக்கம் இதுவே. 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பாங்காவ் முகாமில் திலீப் மஹலநாபிஸ் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியது அந்தக் கரைசலால்தான். குடலில் இந்த வேலையைச் செய்யும் புரதத்தின் மரபணுவை முயலின் குடலிலிருந்து 1987-இல் எர்னஸ்ட் ரைட்டின் குழு பிரித்தெடுத்தது. சிறுநீரகத்தில் உள்ள அதன் உறவினர் 1990-களில் அடையாளம் காணப்பட்டது. முதலாவதை எஸ்.ஜி.எல்.டி-1 என்றும் இரண்டாவதை எஸ்.ஜி.எல்.டி-2 என்றும் அழைக்கிறார்கள். வடிகட்டிய சர்க்கரையில் ஏறக்குறைய 90 சதவீதத்தை இரண்டாவதுதான் திரும்ப எடுக்கிறது.

ஃப்ளோரிசின் இரண்டையுமே தடுக்கும். வாயால் உட்கொண்டால் குடலில் சிதைந்துவிடும், குடலின் எஸ்.ஜி.எல்.டி-1-ஐத் தடுத்து வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். மாத்திரை ஆகும் தகுதி அதற்கு இல்லை. ஆனாலும் 1987-இல் ஒரு முக்கியமான சோதனை நடந்தது. கணையத்தின் பெரும்பகுதி அகற்றப்பட்ட எலிகளுக்கு ரோசெட்டி, டிஃப்ரான்சோ முதலியோர் ஃப்ளோரிசினைச் செலுத்தினார்கள். சர்க்கரை சிறுநீரில் இறங்கி இரத்தத்தில் இயல்புக்கு வந்தது. அதோடு இன்சுலினுக்குத் தசைகள் காட்டிய மந்தமும் நீங்கியது. அதிகச் சர்க்கரையே சர்க்கரை நோயை மேலும் மோசமாக்குகிறது என்பதற்கு அது வலுவான சான்று. சர்க்கரையைச் சிறுநீரில் விட்டால் சிறுநீரகம் கெடுமோ என்ற அச்சத்துக்கும் இயற்கை ஏற்கெனவே விடை தந்திருந்தது. எஸ்.ஜி.எல்.டி-2 மரபணுவில் பிறவியிலேயே பிழையுள்ள சில குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலர் நாளுக்கு 100 கிராமுக்கும் மேல் சர்க்கரையைச் சிறுநீரில் இழக்கிறார்கள். பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். வேதியியலாளர்கள் ஃப்ளோரிசினின் கட்டமைப்பை மாற்றி, குடலில் சிதையாத, எஸ்.ஜி.எல்.டி-2-ஐ மட்டும் பெரும்பாலும் தடுக்கிற மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். டாபாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்லாம் இந்த வழியில் வந்தவை. முதலாவது 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

அப்போதும் அவை சர்க்கரை மாத்திரைகளாகவே கருதப்பட்டன. சற்றுப் பலவீனமானவை என்றுகூடச் சொன்னார்கள். சிறுநீரகத்தைக் காக்கும் என்ற எதிர்பார்ப்பு சிறு வட்டத்தில் மட்டும் இருந்தது. அந்த வட்டம் இன்னொரு விலங்கை நன்கு அறிந்தது: மியூனிக்-விஸ்டார் என்ற வகை எலி. தவளையைப்போல இந்த எலிக்கும் சிறுநீரகத்தின் மேற்பரப்பில் குளோமெருலஸ்கள் தெரியும். பாலூட்டி ஒன்றின் வடிகட்டும் அழுத்தத்தை நேராக அளக்க அது வழிவிட்டது. பாரி பிரென்னரின் குழு எலியின் ஒரு சிறுநீரகத்தையும் மற்றதன் பெரும்பகுதியையும் அகற்றி, மீந்த நெஃப்ரான்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தது. அவை இழந்தவற்றின் வேலையையும் தங்கள் மேல் போட்டுக்கொண்டு, மிகை அழுத்தத்தில் வடிகட்டின. அந்த மிகை உழைப்பே அவற்றைத் தழும்பாக்கிக் கொன்றது. 1980-களின் தொடக்கத்தில் வந்த இந்த விளக்கம், சிறுநீரக நோய் ஏன் தொடங்கினால் நிற்காமல் முற்றுகிறது என்ற கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் உள்ள சிறந்த விடைகளில் ஒன்று. சர்க்கரை நோயின் ஆரம்ப ஆண்டுகளிலும் இதே மிகை வடிகட்டல் நடக்கிறது. பரிசோதனை அறிக்கையில் சிறுநீரகம் 'மிக நன்றாக' வேலை செய்வதுபோலத் தெரியும் காலம்தான் அது அழியத் தொடங்கும் காலமும்.

ஏன் மிகையாக வடிகட்டுகிறது? 1965-இல் க்ளாவுஸ் துராவும் யூர்கன் ஷ்னெர்மனும் எலிகளில் கண்ட ஓர் ஏற்பாடு இதை விளக்குகிறது. நுண்குழல் நீண்டு வளைந்து, தான் புறப்பட்ட குளோமெருலஸின் வாசலுக்கே திரும்பி வந்து தொடுகிறது. அங்குள்ள உயிரணுக்கள், வந்துசேரும் உப்பின் அளவை உணர்கின்றன. உப்பு அதிகமாக வந்தால் வடிகட்டல் மிகை என்று பொருள். உள்ளே வரும் நுண்தமனியைச் சுருக்குகின்றன. சர்க்கரை நோயிலோ வடிகட்டப்படும் சர்க்கரை ஏராளம். அதைத் திரும்ப எடுக்க நுண்குழல் சோடியத்தையும் சேர்த்து வாரிக்கொள்கிறது. வாசலுக்கு வந்துசேரும் உப்பு குறைவு. வடிகட்டல் போதவில்லை என்று தவறாகக் கணித்து, தமனி அகலத் திறக்கிறது. 1999-இல் ஃபோல்கர் வாலோனும் சகாக்களும் சர்க்கரை நோயுள்ள எலிகளின் நுண்குழலில் அதே பழைய ஃப்ளோரிசினைச் செலுத்தி, இந்தக் கணிப்புப் பிழையைத் திருத்த முடியும் என்று காட்டினார்கள். 2014-இல் டொரான்டோவில் டேவிட் செர்னியின் குழு மிகை வடிகட்டல் உள்ள டைப்-1 நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசினை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தது. நிமிடத்துக்கு 172 மில்லிலிட்டராக இருந்த சராசரி வடிகட்டல் 139-க்கு இறங்கியது. எலியின் நுண்குழலில் கண்டது மனிதரிடமும் அப்படியே நடந்தது.

ஸ்டாக்ஹோம் அறிவிப்புக்குப் பின் ஆய்வுகள் விரைந்து வந்தன. 2019-இல் சர்க்கரை நோயோடு சிறுநீரக நோயும் உள்ள 4,401 பேரிடம் கானாகிளிஃப்ளோசின் சோதிக்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழப்பது, அதனாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவை சேர்ந்த அளவு 30 சதவீதம் குறைந்தது. 2001-க்குப் பிறகு சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கும் புதிய மருந்து என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் வந்திருக்கவில்லை. பதினெட்டு ஆண்டு வறட்சி அங்கே முடிந்தது. அதே ஆண்டு இதயம் பலவீனமான 4,744 பேரிடம் டாபாகிளிஃப்ளோசின் சோதிக்கப்பட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவர்களுக்கும் பலன் அதே அளவு. இது எனக்கு எல்லாவற்றிலும் பெரிய செய்தி. சர்க்கரையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்ட மருந்து, குறைக்க வேண்டிய சர்க்கரையே இல்லாத உடலிலும் வேலை செய்கிறது. 2020-லும் 2022-லும் வந்த பெரிய சிறுநீரக ஆய்வுகள் இரண்டும் இதையே சிறுநீரகத்தின் பக்கமிருந்து உறுதிசெய்தன.

ஆக, இதயத்துக்கு எப்படி நன்மை? சிறுநீரகத்தின் வழியாகத்தான் என்பதற்கு வலுவான தடயங்கள் உண்டு. மருந்து சற்று உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. வீங்கிய உடலின் பாரம் இறங்குகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் ஏறுகிறது. ஸ்டாக்ஹோம் ஆய்வின் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, இறப்பு குறைந்ததோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து நின்ற மாற்றம் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ அல்ல, இந்தச் சிவப்பணு ஏற்றம்தான். சர்க்கரையை மீட்கும் பாரம் குறைந்த சிறுநீரகம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினைக் கூடுதலாகச் சுரப்பதன் அடையாளமாக அதைப் பலர் வாசிக்கிறார்கள்.

ஆனால் விலங்குகள் வேறொன்றையும் சொல்கின்றன. நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனை ஆய்வாளர்கள், மாரடைப்பு உண்டாக்கப்பட்ட, சர்க்கரை நோய் இல்லாத பன்றிகளுக்கு எம்பாகிளிஃப்ளோசின் கொடுத்தார்கள். அவற்றின் இதயம் எரிபொருளை மாற்றிக்கொண்டது; குளுக்கோஸைக் குறைத்து, கீட்டோன்களையும் கொழுப்பு அமிலங்களையும் எரித்தது, அதன் துடிப்பும் மேம்பட்டது. 2023-இல் இன்னும் கூர்மையான சான்று வந்தது. எஸ்.ஜி.எல்.டி-2 மரபணுவே நீக்கப்பட்ட சுண்டெலிகளின் இதயத்தைப் பலவீனப்படுத்தி மருந்தைக் கொடுத்தபோது, இலக்கே இல்லாத அந்த எலிகளிலும் இதயம் தேறியது. அப்படியானால் மருந்து இதயத்தில் வேறு எதையோ தொடுகிறது. சோடியம், ஹைட்ரஜன் அயனிகளை இடம் மாற்றும் ஒரு புரதமே அது என்று ஆம்ஸ்டர்டாம் குழு சொன்னது. வேறு ஆய்வுக்கூடங்கள் அதை மறுத்தன. சிறுநீரகமா, இதயமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சுண்டெலிச் சான்றைத் தள்ளவும் முடியாது, சிவப்பணுச் சான்றை விடவும் முடியாது. இரண்டு வழியும் சேர்ந்தே இயங்குகின்றன என்பதே இப்போதைய சான்றுகளுக்கு நேர்மையான வாசிப்பு என்று கருதுகிறேன். மனித உடலில் இந்த இரு உறுப்புகளும் தனித்தனியே நோய்வாய்ப்படுவது அரிது. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளில் டயாலிசிஸ் நிலையை எட்டுபவர்களைவிட, அதற்கு முன்பே இதய நோயால் இறப்பவர்கள் அதிகம்.

இந்த அறிவு நம் ஊர் நோயாளியை எட்ட இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று விலை. இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025-இலும் முடிந்தன. பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை வெகுவாக இறங்கியது. 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணித்த நாட்டில் இது சிறிய விஷயமல்ல. மற்றது அறிவுத் தடை, அதைத் தகர்ப்பது கடினம். மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில், சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சற்று ஏறும். வடிகட்டல் அளவு சில புள்ளிகள் இறங்கும். மிகையாகத் திறந்திருந்த தமனி சுருங்கியதன் விளைவு அது. அறிக்கையைப் பார்த்துச் சிறுநீரகம் கெடுகிறது என்று பதறி மருந்தை நிறுத்திவிட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்குக் கிடைக்கவிருந்த காப்பும் அதோடு போகிறது. பெரிய சரிவு வேறு விஷயம், அதற்குக் காரணம் தேடத்தான் வேண்டும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற எளிய பரிசோதனையும் நம்மிடம் போதிய அளவு செய்யப்படுவதில்லை. கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆபத்தைச் சொல்லக்கூடியது அது.

இந்த மாத்திரையை எல்லாச் சிறுநீரக நோய்க்கும் மருந்தாக நீட்டிவிடவும் கூடாது. உறுப்பு மாற்றம் பெற்றவர்களும், பரம்பரை நீர்க்கட்டிச் சிறுநீரகம் உள்ளவர்களும் அந்தப் பெரிய ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சி போன்ற இடங்களில் 1990-களிலிருந்து நெல் விவசாயிகளைத் தாக்கிவரும் காரணம் அறியாச் சிறுநீரக நோய் இன்னொரு வகை. அங்கே பழுதாவது முதலில் நுண்குழலும் அதைச் சுற்றிய திசுவும்; சர்க்கரையோ இரத்த அழுத்தமோ அதைத் தொடங்கி வைப்பதில்லை. நாளெல்லாம் வெயிலில் வேர்த்து நீரிழக்கும் உடலில், உப்பையும் நீரையும் மேலும் வெளியேற்றும் மாத்திரை என்ன செய்யும் என்பதை அந்த விவசாயிகளிடையே தனியாக ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும். வேறு நாட்டுச் சராசரிகளை அவர்கள் மேல் ஏற்றிவிடுவது நியாயமல்ல.

மருந்தின் ஆபத்தையும் ஒரு விலங்கிடமிருந்தே தெளிவாகக் கற்கலாம். பூனைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதரின் டைப்-2 வகையை ஒத்தது. 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின், அடுத்த ஆண்டு வெலாகிளிஃப்ளோசின் என இதே குடும்பத்து மருந்துகள் அமெரிக்காவில் பூனைகளுக்கு அனுமதிக்கப்பட்டன. நாய்களுக்கு இல்லை. நாயின் சர்க்கரை நோயில் பெரும்பாலும் இன்சுலினே சுரப்பதில்லை. அந்த நிலையில் சர்க்கரையையும் சிறுநீரில் விட்டுவிட்டால் உடல் கொழுப்பை எரித்தெரித்துக் கீட்டோன் அமிலம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். பூனையிலும் முன்பு இன்சுலின் போடப்பட்டவற்றுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. சாப்பிட மறுக்கும் பூனைக்கு நிறுத்த வேண்டும். காரணம், அமிலம் தேங்கும்போதும் இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருக்கும். அதனால் ஆபத்து கண்ணில் படாது.

மனிதரிடமும் இதே கதை. அரிதாக நேர்வது, ஆனால் நேர்ந்தால் கருவி காட்டும் சர்க்கரை அளவைப் பார்த்து எல்லாம் சரியென்று ஏமாற வாய்ப்புண்டு. வாந்தி, காய்ச்சல், நீண்ட பட்டினி, கடும் நீரிழப்பு இருக்கும் நாள்களில் இந்த மாத்திரையை மருத்துவரைக் கேட்டு நிறுத்திவைக்க வேண்டும். இந்த வகையைச் சாப்பிடுபவர்கள், அறுவைச் சிகிச்சை எதுவாக இருந்தாலும், சர்க்கரைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றினாலும், அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டியிருக்கும்.